வளையம் புதிது, எஃகு பழையது

மடக்குக் கத்தியில் பழைய காலத்தது நல்லதா, இப்போது வருவது நல்லதா என்னும் கேள்வி, சாணை பிடிக்கும் தொழிலில் இருப்போரிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்றாகும். கேட்பவர் ஒரே சொல்லில் விடை எதிர்பார்ப்பார். பழையது என்றால் அதன் மீதுள்ள பற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவும், புதியது என்றால் கடைக்குச் செல்ல அனுமதி கிடைத்ததாகவும் எடுத்துக்கொள்வார். ஆனால் கத்தியைக் கழற்றி, துடைத்து, தீட்டி, மீண்டும் பூட்டித் தருவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்தக் கேள்வி அவ்வாறு அமைவதில்லை. அவர் முன்னால் இருப்பது அலகு, கைப்பிடி, தறையாணி, வளையம் எனப் பல பாகங்கள் சேர்ந்த ஒரு கூட்டு. அந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்துக்காக மாறியவை. ஆகவே ஒன்றில் பழையதும் இன்னொன்றில் புதியதும் சிறந்ததாக இருப்பதில் வியப்பில்லை. இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டும் கருவி, பிரான்சின் சவாய் மலைநாட்டில் பிறந்த ஓபினெல் மடக்குக் கத்தியாகும். 130 ஆண்டுகளுக்கு மேலாக அதன் அலகின் தோற்றம் ஏறக்குறைய மாறாமல் நிற்க, அதனைச் சுற்றியுள்ளவை மட்டும் மாறிவந்திருப்பதால், எந்த மாற்றம் என்ன பயன் தந்தது என்பதை அதில் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் வாழும் புதுச்சேரி போன்ற ஊர்களில், உறவினர் பெட்டிகளின் வழியே வந்து சேர்ந்த இந்தக் கத்திகள் சாணைப் பட்டறைகளுக்கு வருவதுண்டு.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில் இருக்கும் சவாய், 1860ஆம் ஆண்டில்தான் பிரான்சுடன் இணைந்தது. அங்குள்ள மோரியென் பள்ளத்தாக்கில், கோடரி, அரிவாள், கவாத்துக் கத்தி போன்ற வெட்டும் கருவிகளை வடித்துவந்த ஒரு கொல்லர் குடும்பத்தில் 1872இல் பிறந்தவர் ஜோசஃப் ஓபினெல். 1890இல் அவர் உருவாக்கிய மடக்குக் கத்தி, உழவர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் இடையர்களும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க எளிய கருவி. மரக் கைப்பிடிகளை ஒரே அளவில் கடைந்தெடுக்கும் இயந்திரத்தையும் அவரே அமைத்துக்கொண்டதால், அழகு வேலைப்பாடுள்ள கத்திகளுக்குக் கொடுக்க வேண்டிய விலையை உழவர் கொடுக்க வேண்டியிராத நிலை ஏற்பட்டது. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகள் வெளிவந்தன. 1ஆம் எண் மிகச் சிறியதாக இருந்ததாலும், 11ஆம் எண் தன் இருபுறமும் உள்ள 10, 12 ஆகியவற்றோடு பெரிதும் ஒத்திருந்ததாலும், 1935இல் அவ்விரண்டும் கைவிடப்பட்டன. எண் என்பது இங்கே அளவின் பெயரேயன்றித் தரத்தின் பெயரன்று. 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், 10ஆம் எண்ணின் அலகு 10 சென்டிமீட்டர், 12ஆம் எண்ணின் அலகு 12 சென்டிமீட்டர். பெரும்பாலானோர் கையில் காணப்படுவது 8ஆம் எண்ணே.

அலகில் பொறிக்கப்பட்டிருக்கும் முடிசூடிய கையின் முத்திரை 1909இல் சேர்ந்தது. கத்தி செய்யும் ஒவ்வொரு ஆசானும் தன் பொருளில் தனக்குரிய குறியை இட வேண்டும் என்று பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் 1565இல் விதித்த ஆணையின் மரபில் வந்தது அந்த வழக்கம். கை, சேன்-ழான்-த-மோரியென் நகரின் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டது; முடி, சவாய் முன்னாளில் ஒரு கோமகனின் நாடாக இருந்ததை நினைவூட்டுவது. பழைய கத்தியை வாங்க வருபவர் முதலில் இந்த முத்திரையைத்தான் தேடுகிறார். அது நல்ல வழக்கமே. ஆனால் முத்திரை கத்தியின் பிறப்பிடத்தைச் சொல்லுமேயன்றி, அது இன்றைக்குக் கைக்கு ஏற்றதா என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது வளையம். மடக்குக் கத்திகளுள் பெரும்பாலானவற்றில் கைப்பிடியின் முதுகுப்புறத்தில் ஒரு வில் இருக்கும். அலகை விரித்தாலும் மடக்கினாலும் அதன் அடிப்பகுதியை அந்த வில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஓபினெல் கத்தியில் வில் கிடையாது. ஒரே மரத்துண்டில் வாளால் அறுத்த பிளவு. அந்தப் பிளவின் வாயைச் சுற்றி இறுகப் பொருத்திய உலோகப் பூண். பூணையும் மரத்தையும் அலகின் அடிப்பகுதியையும் துளைத்துச் செல்லும் ஒரு தறையாணி, அதாவது இருமுனையும் தட்டி அகலப்படுத்தப்பட்ட நிலையான ஆணி. 1955 வரை இந்தக் கத்தியின் முழு அமைப்பும் இவ்வளவுதான். விரித்த அலகை விரித்தபடி நிறுத்தியது மரத்தின் உராய்வு மட்டுமே. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் மிக்கி நகரில் தோன்றிய ஹிகோனோகாமி என்னும் மடக்குக் கத்தியும் உராய்வை நம்பியதே எனினும், அதில் அலகின் வாலில் ஒரு நெம்புகோல் நீண்டிருக்கும். பிடிப்பவரின் கட்டைவிரல் அதனை அழுத்தியிருக்கும் வரை அலகு மடங்காது. சவாய்க் கத்தியில் அந்த உதவியும் இல்லை.

உராய்வு மட்டும் போதுமா என்று கேட்டால், வெட்டும் வேலைக்குப் போதும் என்பதே விடை. ரொட்டியையோ கயிற்றையோ இளங்கொம்பையோ வெட்டும்போது எதிர்ப்பு விசை கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில் விழுகிறது. அந்த விசை அலகை மேலும் விரியும் திசையிலேயே தள்ளுவதால், அலகு தானாகவே நிலைத்து நிற்கிறது. விபத்து நேர்வது குத்தும்போதும் குடையும்போதும்தான். முனையை மரத்தில் இறக்கித் திருகுபவர், முனை சிக்கிக்கொண்டவுடன் கையை ஆட்டி இழுக்கிறார்; அப்போது விசை அலகின் முதுகில் விழுகிறது; உராய்வு தோற்கிறது; அலகு விரல்களின் மேல் மடங்குகிறது. தொழிலில் உள்ளோர் இந்தக் காயத்தைக் கண்டவுடன் அறிவர். ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவில், குறுக்காக, ஆழமாக விழும் வெட்டு அது.

ஜோசஃபின் மகன் மார்செல் ஓபினெல் 1955இல் கண்டறிந்த விரோப்லோக் என்னும் சுழல்வளையம் இந்த ஒரே குறையைத் தீர்ப்பதற்காக வந்தது. பூணின் மேல், ஓர் ஓரத்தில் பிளந்த இரண்டாம் வளையம் ஒன்று சுற்றுகிறது. பிளவு அலகுக்கு நேராக இருக்கும்போது அலகு தடையின்றி அசைகிறது. அலகை விரித்தபின் வளையத்தைச் சற்றே திருப்பினால், அலகின் அடிப்பகுதி மடங்கவேண்டிய வழியை வளையத்தின் உடல் அடைத்துவிடுகிறது. வில்லும் இல்லை, நெம்புகோலும் இல்லை. அலகு, கைப்பிடி, நிலையான பூண், சுழல்வளையம், தறையாணி என்று மொத்தம் ஐந்தே பாகங்கள். கத்தித் தொழிலில் பூட்டு என்ற பெயரில் வந்திருக்கும் எத்தனையோ அமைப்புகளுள், இதனளவு குறைந்த பொருளைக் கொண்டு இதனளவு பயன் தந்தது வேறில்லை என்று துணிந்து கூறலாம். இந்த வளையம் 6ஆம் எண்ணிலிருந்து மேற்பட்ட கத்திகளில் மட்டுமே உண்டு; அதனினும் சிறியவை இன்றும் உராய்வினாலேயே நிற்பவை.

2000இல் அதே வளையம் மீண்டும் ஒருமுறை திருத்தப்பட்டது. அதுவரை விரித்த நிலையில் மட்டுமே பூட்டிய வளையம், அப்போதிலிருந்து மடக்கிய நிலையிலும் பூட்டலாயிற்று. இது சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் மரத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வறண்ட பருவத்தில் கைப்பிடியின் மரம் சுருங்கும், பிளவு விரிவடையும், உராய்வு குறைந்த அலகு, பையைக் கவிழ்த்தவுடன் தானே வெளிவரும். 1955க்கும் 2000க்கும் இடைப்பட்ட கத்தியைச் சட்டைப்பையில் வைத்தவர் இதற்கு அஞ்ச வேண்டியிருந்தது. இப்போதைய கத்தியை வைத்திருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. சிறுவர்கள் உள்ள வீடுகளில் இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கப் போதுமானது.

இதனாலேயே ஒரு கத்தியின் காலத்தைக் கணிக்க வருபவர் முத்திரையை விட வளையத்தை முதலில் பார்ப்பது பயன்தரும். 6ஆம் எண்ணும் அதற்கு மேற்பட்டதுமான கத்தியில் சுழல்வளையமே இல்லையெனில் அது 1955க்கு முற்பட்டதாக இருக்கலாம். வளையம் இருந்து, விரித்தபோது மட்டும் பூட்டினால் இடைக்காலத்தது. இருநிலையிலும் பூட்டினால் 2000க்குப் பிற்பட்டது. ஆனால் வளையம் இடுக்கியால் விரித்துக் கழற்றக்கூடியது. தொலைந்துபோவது, மாற்றப்படுவது எல்லாம் வழக்கம். ஆதலால் பூணில் வளையம் சுழன்ற தேய்மானக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரலாகாது.

வளையமற்ற வகைக்கு நியாயமான ஓர் இடம் இன்றும் உண்டு. பிரிட்டனில், தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படும் மடக்குக் கத்தியின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படக்கூடாது என்பதோடு, அது பூட்டிக்கொள்ளும் வகையாகவும் இருக்கக்கூடாது. பூட்டும் கத்தி அங்கே மடக்குக் கத்தியாகவே கொள்ளப்படுவதில்லை. லண்டனில் வாழும் தமிழர் ஒருவர் பழம் நறுக்கிக்கொள்ள ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள விரும்பினால், வளையமுள்ள 8ஆம் எண் அவருக்குத் தொல்லையாகும். வளையமில்லாத சிறிய எண்களே அவருக்கு உரியவை. பாதுகாப்புக்காகச் சேர்ந்த வளையம் இங்கே சட்டத்தின் முன் குறையாகிவிடுவதால், வாங்குபவர் தான் வாழும் நாட்டின் விதியை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கைப்பிடியைப் பொறுத்தவரை பழையதற்கும் புதியதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலும் பீச் மரம். ஐரோப்பியக் காடுகளில் மிகுதியாக வளர்வதும், நெருக்கமான ரேகை கொண்டதும், கடைவதற்கு இசைந்ததுமான மரம் அது. அதன் குறை, ஈரத்தை எளிதில் ஏற்றுக்கொள்வது. ஈரத்தில் மரம் உப்பி, பிளவின் இரு சுவர்களும் அலகைக் கவ்விக்கொள்ளும். நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து எவ்வளவு இழுத்தாலும் அலகு வராது. சவாய் மக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கைப்பிடியின் வால்முனையை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஒரு தட்டுத் தட்டினால், அலகின் முனை பிளவிலிருந்து எகிறி வெளியே தலைகாட்டும். பனியும் மழையும் மிகுந்த மலைநாட்டில் பிறந்த இந்தத் தட்டு, வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புதுச்சேரிக்கும் அப்படியே பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அலகு வரவில்லை என்று பட்டறைக்கு வரும் கத்திகளுக்குச் சாணை தேவைப்படுவதில்லை. நிழலில் சில நாள் உலர்வதே போதும்.

நிலையான தீர்வு வேண்டுவோர், நன்கு உலர்ந்த கைப்பிடியின் பிளவுக்குள் மெல்லிய உப்புத்தாளை மடித்து நுழைத்து இருபுறமும் சிறிது தேய்த்து, பின்னர் ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை ஊறவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு உறைந்து மரத்துக்குள் கெட்டியாகும் இயல்புடையது; தேங்காய் எண்ணெய்க்கு அந்த இயல்பு இல்லாததால் அது கைப்பிடிக்கு உதவாது. இந்த வேலைக்குப் பயன்படுத்திய துணியைச் சுருட்டிப் போட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உறையும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தீப்பற்றுவது உண்டு. துணியை விரித்து உலர்த்துவதோ தண்ணீரில் போடுவதோ முறை. அண்மைக் காலத்தில் வரும் நெகிழிக் கைப்பிடிகள் உப்புவதில்லை. படகிலும் மழையிலும் வேலை செய்வோருக்கு அவை ஏற்றவை.

எஃகைப் பற்றிய வழக்குதான் நீண்டது. பழைய ஓபினெல் அலகுகள் கார்பன் எஃகால் ஆனவை. கார்பன் எஃகு என்பது இரும்போடு ஏறத்தாழ 0.9 விழுக்காடு கரி சேர்ந்து, தோய்த்துப் பதமேற்றிய எஃகு. குரோமியம் போன்ற துருத்தடுப்பு உலோகம் அதில் குறிப்பிடத்தக்க அளவில் இராது. பின்னர் வந்த துருப்பிடிக்காத எஃகில் கரி குறைவு. குரோமியம் 13 விழுக்காட்டுக்கும் மேல். அந்தக் குரோமியம் அலகின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்று காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. இந்த வகை அலகில் இனாக்ஸ் என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கே பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: துருப்பிடிக்காத எஃகு வந்ததால் கார்பன் எஃகு நின்றுவிடவில்லை. இரண்டும் இன்றும் அருகருகே விற்கப்படுகின்றன. பழைய எஃகு வேண்டும் என்பதற்காகப் பழைய கத்தியைத் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை.

இரண்டிலும் எது மேல் என்பதில் சாணைக்காரர்களுக்குள் பழைய தப்பெண்ணம் ஒன்று நிலவுகிறது. துருப்பிடிக்காத எஃகு என்றாலே மழுங்கிய எஃகு என்று ஒதுக்குவோர் பலர். மலிவான அடுக்களைக் கத்திகளைத் தீட்டித் தீட்டிச் சலித்த கைகளிலிருந்து பிறந்த எண்ணம் அது. ஓபினெல் பயன்படுத்துவது நுண்ணிய மணிகள் கொண்ட சுவீடன் நாட்டு எஃகு; அது நன்றாகவே கூர்மை பெறுகிறது; கூர்மையைக் காக்கவும் செய்கிறது. வேறுபாடு தெரிவது கல்லின் மேல்தான். கார்பன் அலகைச் சாதாரண நீர்க்கல்லில் வைத்து இழுக்கும்போது, கல் எஃகைக் கடிக்கும் ஓசையே வேறாக இருக்கும். சில இழுப்புகளிலேயே எதிர்ப்புறத்தில் பிசிறு எழும். பிசிறு என்பது தீட்டும்போது விளிம்பில் திரளும் மெல்லிய எஃகுக் கம்பி. அது எழுவதே அந்தப் பக்கம் தீட்டியது போதும் என்பதற்கு அடையாளம். கார்பன் எஃகில் பிசிறு எளிதில் உதிரும். தோல்வாரில் இரண்டு முறை உரசினால் போய்விடும். துருப்பிடிக்காத எஃகில் அது ஒட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் என்று சாய்ந்தபடியே இருக்கும். பழகாத கை அதனைக் கூர்மை என்று எண்ணி நிறுத்திவிடும்; மறுநாளே கத்தி வெட்டவில்லை என்று குறை சொல்லும்.

எனவே தானே தீட்டிக்கொள்பவருக்குக் கார்பன் எஃகு நட்பானது. பிறரிடம் கொடுத்துத் தீட்டுபவருக்குத் துருப்பிடிக்காத எஃகு போதுமானது. இதனோடு கத்தி எதை வெட்டப் போகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றின் புளிப்பும், வாழைக்காய், பாக்கு ஆகியவற்றின் துவர்ப்பும் கார்பன் எஃகோடு கூடினால் கருமையாகின்றன. வெட்டிய துண்டில் இரும்பு வாடை தங்கும்; வாழைக்காய்த் துண்டின் ஓரம் கறுக்கும். ஆனால் அதே கருமை சிலகாலம் படிந்தபின் அலகுக்கு ஒரு போர்வையாகிச் செந்துருவை ஓரளவு தடுக்கிறது என்பதால், அதனைக் குறையென்று எண்ணித் தேய்த்து நீக்குவது பயனற்ற வேலை. சாம்பல் கலந்த கருநீலம் நல்ல நிறம். செம்மஞ்சள் கெட்ட நிறம். வெட்டியவுடன் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலால் தடவி வைப்பவர் வீட்டில், கடற்கரை ஊரிலும் கார்பன் அலகு கெடாமல் இருக்கிறது. துடைக்க மறப்பவர் வீட்டில் ஓர் இரவிலேயே புள்ளி விழுகிறது.

அலகின் மெல்லிய தன்மை பழையதிலும் புதியதிலும் ஒன்றே. 8ஆம் எண்ணின் முதுகே 2 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிப்புடையது. வாயை நோக்கி அது மேலும் மெலிகிறது. இந்த மெலிவே இந்தக் கத்தியின் உயிர். தடித்த அலகு ஆப்பிளைப் பிளக்கும், மெல்லிய அலகு அதனை வெட்டும். இருபுறமும் சேர்த்து மொத்தம் 40 பாகைக் கோணத்தில், அதாவது ஒவ்வொரு பக்கமும் 20 பாகையில் தீட்டுவதே இதற்கு உரிய முறை. சுழலும் சாணைச் சக்கரம் இந்த அலகுக்கு எமன். மெல்லிய எஃகு நொடியில் சூடேறும். 300 பாகை செல்சியசை அணுகும்போது விளிம்பில் நீலம் ஓடும். நீலம் ஓடிய இடத்தில் கார்பன் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர்மை நிற்காது. நீலத்தைத் தேய்த்து மறைத்தாலும் எஃகின் மென்மை மறையாது. பாட்டன் கையில் அறுபது ஆண்டு இருந்த கத்தியொன்று, பளபளப்பாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு சக்கரத்தில் சில நிமிடங்களில் பதமும் முத்திரையும் ஒருங்கே இழந்து வந்ததைக் காண நேர்ந்தவர்கள், கைக்கல்லைத் தவிர வேறெதையும் இந்த அலகின் அருகே அனுமதிப்பதில்லை.

பழைய கத்தியை விலைகொடுத்து வாங்குவோர் இதனால் முதலில் வாயைப் பார்க்க வேண்டும். நீலமோ வைக்கோல் மஞ்சளோ தெரிகிறதா என்றும், அதே எண்ணின் புதிய அலகோடு ஒப்பிட அகலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் நோக்க வேண்டும். அகலம் குறைந்தால் வாய் மேலேறித் தடித்த பகுதிக்கு வந்துவிடுவதால், மெலிவு என்னும் உயிர் அங்கே போய்விட்டிருக்கும். அடுத்து, விரித்த அலகை இருவிரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் மரச்சுருக்கத்தால் வந்ததானால் தீரும். தறையாணியின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்ததால் வந்ததானால் தீராது. வளையம் தளர்ந்திருந்தால் கழற்றி, இடுக்கியால் சற்றே நெருக்கிப் பூட்டினால் சரியாகும். அதற்காக ஒரு கத்தியை ஒதுக்க வேண்டியதில்லை. செந்துரு குழிகளாக வாய் வரை இறங்கியிருந்தால் மட்டும், முத்திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதனை வேலைக்கு வாங்கலாகாது.

குடும்பத்தில் வழிவழியாக வந்த வளையமற்ற கத்தியை விற்கவோ வீசவோ எவரும் சொல்லமாட்டார். அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, ரொட்டியும் பழமும் வெட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். குத்தவும் குடையவும் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. புதிதாக ஒன்றை வாங்கி நாள்தோறும் கையாளப் போகிறவருக்கும், தானே கல்லில் தீட்டக் கற்கவிருக்கும் இளைஞருக்கும், சாணைப் பலகையின் பரிந்துரை 2000க்குப் பிற்பட்ட இருநிலைப் பூட்டு வளையமும் கார்பன் அலகும் பீச் மரக் கைப்பிடியும் கொண்ட 8ஆம் எண்ணே. துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர் மட்டும் அதே கத்தியை இனாக்ஸ் அலகோடு வாங்கிக்கொள்ளட்டும்.